ஜிப்பையே மாற்றுவதா, ரன்னர் போதுமா? பசையா, தையலா?

பூட்ஸின் ஜிப் வாய் பிளந்துவிட்டால் கடையில் போய் நாம் சொல்வது ஒரே வரிதான்: "ஜிப் போயிடுச்சு, மாத்திக் குடுங்க." ஷூவின் ஓரம் விட்டுப்போனாலும் அதே கதை: "ஒட்டிக் குடுங்க." எங்கே கெட்டது என்று பார்ப்பதற்கு முன்பே என்ன செய்ய வேண்டும் என்பதை நாமே முடிவு செய்து சொல்லிவிடுகிறோம், கடைக்காரரும் கூட்டத்துக்கு நடுவே சரி என்று வாங்கி வைத்துவிடுகிறார். நானும் பல வருடம் அப்படித்தான் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். ஒருமுறை பக்கவாட்டில் ஜிப் வைத்த கறுப்புத் தோல் பூட்ஸை எடுத்துப் போனபோது, கடையிலிருந்த பெரியவர் அதை ஓரமாக வைக்காமல் அங்கேயே ரன்னரை மேலும் கீழும் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். இழுக்கும்போது பல் சேர்ந்தது, ரன்னர் தாண்டியதும் பின்னாலேயே பிரிந்தது. கட்டிங் பிளேயரை எடுத்து ரன்னரின் பின்பக்க ஓரத்தில் இந்தப் பக்கம் ஒரு அழுத்து, அந்தப் பக்கம் ஒரு அழுத்து. மறுபடி இழுத்தார், மூடிக்கொண்டது. "ஜிப் நல்லாத்தான் இருக்கு தம்பி, ரன்னர்தான் வாய் பிளந்துடுச்சு. கொஞ்ச நாள் இதுவே தாங்கும், அப்புறம் ரன்னரை மட்டும் மாத்திக்கலாம்" என்றார். முழு ஜிப்பையும் மாற்றச் சொல்லித்தான் நான் போயிருந்தேன்.

அதற்குப் பிறகு ஜிப் கெட்டாலும் தையல் விட்டாலும் கையிலிருக்கும் வழிகளை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்க்கும் பழக்கம் வந்தது. பார்க்கும்போது இரண்டு கேள்விகளைத்தான் கேட்டுக்கொள்கிறேன். கெட்ட இடத்தை மட்டும் தொட்டு முடிகிற வேலையா, நல்ல இடத்தையும் சேர்த்துக் கலைக்கிற வேலையா? இதே இடம் நாளைக்கு மறுபடி கெட்டால் பிரித்துச் செய்ய வழி மிச்சம் இருக்குமா? இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஆனால் ஒரு நல்ல தோல் ஷூ பத்து வருடம் வருமா இரண்டு வருடத்தில் குப்பைக்குப் போகுமா என்பதே அதில்தான் இருக்கிறது.

முதலில் ஜிப்பைப் பார்ப்போம். ஜிப் என்று ஒரே பேரில் சொல்வதில் நாலு சமாச்சாரம் இருக்கிறது: தோலோடு சேர்த்துத் தைத்த துணி நாடா, நாடாவின் ஓரத்தில் வரிசையாகப் பல், பல்லைச் சேர்த்துப் பிரிக்கும் ரன்னர், ரன்னர் கழன்று வராமல் மேலேயும் கீழேயும் நிறுத்தும் ஸ்டாப்பர். மற்ற மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்க, மூடும்போதும் திறக்கும்போதும் மொத்த வரிசையையும் உரசிக்கொண்டு போவது ரன்னர் மட்டும்தான். அது பெரும்பாலும் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துச் செய்தது. உரசி உரசி உள்பக்கம் தேய்கிறது, மேல் தகட்டுக்கும் கீழ்த் தகட்டுக்கும் இடையில் இடைவெளி கூடுகிறது, பல்லை ஒன்றோடொன்று அழுத்திச் சேர்க்கும் பலம் அதற்கு இல்லாமல் போகிறது. பல் வரிசை முழுசாக இருந்தும் ரன்னருக்குப் பின்னால் ஜிப் பிரிந்துகொண்டே வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரன்னரைத்தான்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று அந்தப் பெரியவர் செய்தது போல அழுத்திவிடுவது. பல் மூடி வெளியே வருகிற பின்பக்கத்தில் மட்டும், இரண்டு ஓரத்திலும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக. வார்ப்பு உலோகம் கம்பி மாதிரி வளைந்து கொடுக்காது, ஒரேயடியாக அழுத்தினால் விரிசல் விட்டுவிடும், இல்லாவிட்டால் ரன்னர் நகரவே நகராது. இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்தான், ஆனால் எத்தனை நாள் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் உள்ளே தேய்ந்தது தேய்ந்ததுதான். இன்னொன்று ரன்னரையே மாற்றுவது. மேல் முனையில் நாலைந்து தையலைப் பிரித்து, ஸ்டாப்பரைக் கழற்றி, பழைய ரன்னரை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றி, மறுபடி ஸ்டாப்பரைப் பொருத்தித் தைத்துவிட்டால் முடிந்தது. மீதித் தையல் எதையும் தொடவில்லை, தோலில் புது ஓட்டை விழவில்லை. ரன்னர்தான் கோளாறு என்றால் நான் இதைத்தான் கேட்பேன், அழுத்திவிடுவது ஊருக்குக் கிளம்பும் அவசரத்துக்கு.

ஆனால் ரன்னர் மாற்றுவதில் பொருத்தம் முக்கியம். பழைய ரன்னரின் பின்புறம் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு எண் இருக்கும்: 3, 5, 8, 10 என்று. மூடிய பல்லின் அகலம் கிட்டத்தட்ட எத்தனை மில்லிமீட்டர் என்பதைத்தான் அது சொல்கிறது. 3 சின்னப் பர்ஸுக்கு, 5 சாதாரண பூட்ஸுக்கும் கைப்பைக்கும், 8-ம் 10-ம் பெரிய பயணப் பைக்கும் கனமான பூட்ஸுக்கும் வரும். எண் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. நைலான் ஜிப்பின் ரன்னர் அதே எண்ணுள்ள மெட்டல் ஜிப்பில் சரியாக ஓடாது, உள்ளே இருக்கும் பள்ளத்தின் வடிவம் வேறு. நைலான் ஜிப்பைத் திருப்பிப் போட்டு, சுருள் உள்பக்கமும் வழவழப்பான நாடா வெளிப்பக்கமும் தெரிகிற மாதிரி தைத்திருந்தால் அதற்கும் தனி ரன்னர் உண்டு.

இன்னொன்று பூட்டு. இதில் நான் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன். ஒரு கடையில் ரன்னர் மாற்றிக் கொடுத்தார்கள், எண் சரி, நிறம் சரி, வழுக்கிக்கொண்டு ஓடியது, சந்தோஷமாக மாட்டிக்கொண்டு கிளம்பினேன். இருநூறு அடி நடப்பதற்குள் ரன்னர் தானாகப் பாதி தூரம் கீழே இறங்கியிருந்தது. மேலே இழுத்தேன், மறுபடி இறங்கியது. அவர்கள் போட்டது கைப்பைக்கு வரும் ரன்னர். கைப்பைக்குப் பூட்டு தேவையில்லை, எந்தப் பக்கம் இழுத்தாலும் ஓடினால் போதும். பூட்ஸுக்கு அப்படியில்லை, நடக்கும்போது கெண்டைக்கால் ஒவ்வொரு அடிக்கும் ஜிப்பை அகலவாட்டில் தள்ளுகிறது. பிடியை விட்டதும் உள்ளே ஒரு சின்ன முள் பல்லுக்கு நடுவே இறங்கிப் பிடித்துக்கொள்கிற பூட்டு ரன்னர்தான் அதற்கு வேண்டும். கடையில் ரன்னர் மாற்றினால், பிடியைத் தொடாமல் நாடாவின் இரண்டு பக்கத்தையும் விரலால் பிரித்து இழுத்துப் பாருங்கள். ரன்னர் நகர்ந்தால் அது உங்கள் பூட்ஸுக்கு ஆகாது.

பல் போனால் கதை வேறு, எங்கே போனது என்பதைப் பொறுத்தது. மெட்டல் ஜிப்பில் அடியில் ஒன்றிரண்டு பல் விழுந்திருந்தால் அதற்கு மேலே ஒரு ஸ்டாப்பர் வைத்து, அல்லது கெட்டி நூலால் நாலு சுற்றுப் போட்டு, அங்கேயே நிறுத்திவிடலாம். ஜிப் அரை அங்குலம் குறையும், கால் நுழைந்தால் சரி. உச்சியில் போனாலும் இதே வைத்தியம்தான். நடுவில் ஒரு பல் போனாலும் முழு ஜிப்பையும் மாற்றத்தான் வேண்டும், அந்த இடத்தில் பிரியத் தொடங்கினால் நடையில் மேலும் கீழும் பரவிக்கொண்டே போகும். நைலான் ஜிப்பில் தனித்தனிப் பல்லே கிடையாது, ஒரே இழையைச் சுருளாகச் சுற்றித்தான் பல் மாதிரி ஆக்கியிருக்கிறார்கள். அதனால் நடுவில் பிரிந்துகொண்டால் ரன்னரைக் கீழே இறக்கி மறுபடி ஏற்றினால் பெரும்பாலும் சேர்ந்துவிடும், அது ஒரு பெரிய வசதி. சுருள் நசுங்கியோ அறுந்தோ போயிருந்தால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது.

நாடா தோலை விட்டுப் பிரிந்து தொங்குவதையும் ஜிப் போனதாக நினைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. அங்கே போனது நூல். பல், ரன்னர், நாடா மூன்றும் நன்றாக இருந்தால் அந்த நாலு அங்குலத்தை மறுபடி தைத்தால் போதும். நாடாவே நைந்து கிழிந்திருந்தால்தான் ஜிப் மாற்றும் பேச்சு.

முழு ஜிப் மாற்றுவது சின்ன வேலை இல்லை. அது ஏன் என்று தெரிந்தால்தான், ஒரு கடை மணிக்கணக்கில் செய்வதையும் இன்னொரு கடை கால் மணியில் முடிப்பதையும் ஒப்பிட முடியும். பழைய தையலை நாலு கண்ணிக்கு ஒன்றாக வெட்டி, நூலை உருவி எடுக்க வேண்டும். பூட்ஸில் நாடா சும்மா வெளியே ஒட்டிக்கொண்டிருக்காது, மேல் தோலுக்கும் லைனிங்குக்கும் நடுவில் நுழைந்திருக்கும், அடிமுனை சோலை ஒட்டி இன்னும் உள்ளே போயிருக்கும். எல்லாவற்றையும் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி எடுத்து, புது ஜிப்பை அளவுக்கு வெட்டி, நாடாவின் முனை நூல் நூலாகப் பிரியாமல் இருக்க நெருப்பில் லேசாகக் காட்டி, மெல்லிய பசையிலோ இருபக்க டேப்பிலோ நிறுத்திவிட்டு, அப்புறம்தான் ஊசி. வெட்டுவதற்கு முன்பே நல்ல வேலைக்காரர் செய்யும் ஒரு காரியம் உண்டு: பழைய ஜிப்பை மூடிவைத்து, அதன் குறுக்கே மூன்று நாலு இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்வார். புது ஜிப்பிலும் அதே கோடுகள். தைக்கும்போது இரண்டு பக்கத்துக் கோடும் நேருக்கு நேர் வந்தால்தான் மூடியதும் மேல் விளிம்பு சமமாக நிற்கும். அந்தக் கோட்டை விட்டுவிட்டால் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, நடுவில் தோல் சுருங்கி நிற்கும். கால் மணியில் முடித்த வேலையில் நான் பார்த்தது அதைத்தான்.

இந்த ஜிப் பிறந்ததே காலணிக்காகத்தான். 1893-இல் அமெரிக்காவில் விட்கம்ப் ஜட்சன் காப்புரிமை வாங்கியது ஷூவை மூடித் திறக்கும் ஒரு கொக்கி வரிசைக்கு, உயரமான பூட்ஸின் நீளமான லேஸைக் கட்டி அவிழ்க்கும் தொல்லையைக் குறைக்க. அது நினைத்த நேரத்தில் பிரிந்துகொண்டது. இன்று நமக்குத் தெரிந்த பல் வரிசையை 1913-இல் கிதியோன் சுன்ட்பேக் உருவாக்கினார். ஜிப்பர் என்ற பெயரைப் பரப்பியது 1923-இல் பி.எஃப். குட்ரிச் நிறுவனம் விற்ற ரப்பர் பூட்ஸ். சட்டையிலும் பேன்ட்டிலும் ஜிப் சும்மா மூடிக்கொண்டு இருந்தால் போதும், காலில் அப்படி இல்லை, ஒவ்வொரு அடிக்கும் கணுக்கால் மடிகிற இடத்தில் அது மடிந்து நிமிர வேண்டும், பக்கவாட்டு இழுப்பையும் தாங்க வேண்டும்.

அதனால்தான் மாற்றும்போது எந்த வகை ஜிப் போடுகிறோம் என்பதைக் கேட்க வேண்டியிருக்கிறது. பூட்ஸுக்கு நான் நைலானைத்தான் விரும்புவேன். நன்றாக வளைகிறது, எடை இல்லை, வியர்வையோ மழையோ பட்டால் துருப்பிடிக்காது, பிரிந்தாலும் சேர்த்துக்கொள்ளலாம். பித்தளைப் பல் பார்வைக்குக் கம்பீரம், நேர் இழுப்பில் நல்ல பலம், ஆனால் மடிகிற இடத்தில் பல் நாடாவை விட்டுக் கழலும், உப்புத் தண்ணீர் பட்டால் பச்சை பிடித்து இறுகும். தனித்தனியாக வார்த்த பிளாஸ்டிக் பல் ஜாக்கெட்டுக்கு அருமை, கூர்மையாக வளைகிற பூட்ஸுக்கு அவ்வளவு இல்லை. பழையது மெட்டலாக இருந்து, பூட்ஸின் தோற்றத்தில் அந்தப் பளபளப்புக்கு ஒரு பங்கு இருக்கிறது என்றால் மெட்டலே போடுங்கள், அதில் தப்பில்லை. உள்பக்கம் மறைந்திருக்கும் ஜிப் என்றால் நைலான், யோசிக்கவே வேண்டாம்.

ஜிப்பே வேண்டாம், வெல்க்ரோவோ எலாஸ்டிக்கோ வைத்துவிடலாம் என்று சில கடைகளில் சொல்வார்கள். விரலால் ரன்னரைப் பிடிக்கச் சிரமப்படும் வயதானவர்களுக்கு வெல்க்ரோ உண்மையிலேயே நல்ல மாற்று. மற்றவர்களுக்கு ஜிப்பே மேல், பஞ்சும் முடியும் ஏறி ஏறி வெல்க்ரோவின் பிடி குறைந்துவிடும். எலாஸ்டிக் வேறொரு காரணத்துக்கு உதவும். கெண்டைக்கால் பகுதி இறுக்கமாக இருந்து அந்த இழுப்பில்தான் ஜிப் போனது என்றால், எத்தனை புது ஜிப் போட்டாலும் போய்க்கொண்டேதான் இருக்கும். தோலாக இருந்தால் அச்சுக்கட்டையில் போட்டு விரிக்கச் சொல்லலாம், இல்லையென்றால் ஜிப்புக்கு எதிர்ப்பக்கம் ஒரு எலாஸ்டிக் பட்டை வைத்துத் தைக்கலாம். அதைச் செய்துவிட்டு ஜிப்புக்கு வாருங்கள்.

இனி தையல். இங்கே முதல் கேள்வி, சோல் வாய் பிளந்தால் பசையா தையலா என்பது. பலரும் தையல் என்றால் உறுதி, பசை என்றால் ஏமாற்று என்று நினைக்கிறார்கள், அது சரியில்லை. இன்று கடைக்கு வரும் ஓட்ட ஷூக்களில் பெரும்பாலானவற்றில் சோல் பசையால்தான் ஒட்டியிருக்கிறது, தொழிற்சாலையிலேயே. சோலின் ஓரத்தில் தையல் மாதிரி ஓடும் கோடு சிலவற்றில் ரப்பரிலேயே அச்சாக வார்த்த வெறும் கோடு. நகத்தால் கீறிப் பாருங்கள், நூலா ரப்பரா என்று தெரிந்துவிடும். உள்ளே இன்சோலைத் தூக்கிப் பார்த்தால் சுற்றிலும் நூல் வரிசை தெரிகிறதா என்பதும் ஒரு தடயம். உள்ளிருந்து நேராகச் சோலோடு சேர்த்துத் தைக்கும் முறைக்கு லைமன் பிளேக் 1858-இல் இயந்திரக் காப்புரிமை பெற்றார், அதனால் அதை பிளேக் தையல் என்கிறார்கள். அந்த வகை ஷூவில் தையல் விட்டால் தையல்தான் போட வேண்டும்.

பசையால் ஒட்டிய சோல் முன்பக்கம் மட்டும் திறந்திருந்தால், சரியான பசையைச் சரியாகப் போட்டாலே போதும். சரியாக என்றால்: பழைய பசையையும் அழுக்கையும் தேய்த்து எடுத்து, இரண்டு பரப்பையும் சொரசொரப்பாக்கி, இரண்டிலும் சொல்யூஷன் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட்டு, விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதத்தில் சேர்த்து அழுத்துவது. அப்புறம் ஒரு நாள் காலில் போடாமல் வைப்பது. ஈரமாக இருக்கும்போதே சேர்த்து ஒட்டிக் கையில் கொடுத்தால் ஒரு வாரத்தில் திரும்பி வரும், அதைப் பார்த்துவிட்டுத்தான் நாம் பசையைத் திட்டுகிறோம். பிவிசி சோலுக்கு சாதாரண ரப்பர் சொல்யூஷன் பிடிக்காது, பியூ (பாலியூரித்தேன்) வகைப் பசை வேண்டும்.

ஒரே ஒரு பசையை மட்டும் காலணிப் பக்கமே விடாதீர்கள், நொடியில் பிடிக்கும் சூப்பர் குளூ. காய்ந்ததும் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். சோல் ஒவ்வொரு அடிக்கும் மடிகிறது, கண்ணாடி மடியாது, பொடிப்பொடியாக உடையும். அதைவிடப் பெரிய கஷ்டம், அந்த இடம் கல்லாகிவிடுவதால் அடுத்து ஊசியும் இறங்காது, நல்ல பசையும் பிடிக்காது. என் தங்கையின் ஷூ ஒன்றை வீட்டில் நானே அப்படி ஒட்டிக் கொடுத்தேன், பிறகு கடையில் அந்த இறுகிய படலத்தைச் சுரண்டப்போய் தோலும் சேர்ந்து உரிந்து வந்தது. அடுத்த ரிப்பேருக்கு இடம் விடாத வேலை என்று நான் சொல்வது இதைத்தான்.

தையல் எப்போது? சோல் அடர்த்தியான ரப்பராக, ஓரம் கிண்ணம் மாதிரி மேலேறி நிற்பதாக இருந்தால் பசையோடு சேர்த்துச் சுற்றிலும் ஒரு தையல் ஓட்டுவதுதான் மிக நல்ல வேலை. பசை தண்ணீரையும் உரசலையும் தடுக்கும், நூல் இழுப்பைத் தாங்கும். அதிலும் சோலின் ஓரத்தில் மெல்லிய பள்ளம் வெட்டி நூல் அதற்குள் பதிகிற மாதிரி தைத்தால் தரையிலும் படியிலும் உரசி நூல் அறுவதில்லை, பள்ளம் வெட்டாத தையல் மேலே துருத்திக்கொண்டு நின்று சில மாதத்தில் தேய்ந்துவிடும். மென்மையான ஸ்பாஞ்ச் மாதிரியான ஈவிஏ சோலுக்குத் தனியாகத் தையல் போடுவது வேண்டாம், சோப்புக் கட்டியைக் கம்பியால் அறுப்பது போல நூல் அதை அறுத்துக்கொண்டே போகும். அதற்குப் பசைதான்.

கைத்தையலா மெஷின் தையலா என்று கேட்டால், இடத்தைப் பாருங்கள் என்பேன். சோலுக்குக் கை. கொக்கி வைத்த குத்தூசியை வெளியிலிருந்து குத்தி, உள்ளே கையில் பிடித்திருக்கும் மெழுகு நூலைக் கொக்கியில் மாட்டி வளையமாக வெளியே இழுத்து, அதற்குள் வெளி நூலை நுழைத்து இரண்டையும் இறுக்குகிற அந்த அசைவைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? இறுக்கும்போது கேட்கும் அந்தச் 'சர்ர்' சத்தத்திலேயே நூல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று செய்கிறவருக்குத் தெரியும். அவ்வளவு தடிமனான நூலையும் அவ்வளவு இறுக்கத்தையும் கடையிலுள்ள சின்ன மெஷின் கொடுக்காது. மேல்தோலுக்கும் ஜிப்புக்கும் மெஷின் நல்லது, தையல் ஒரே சீராக விழும். காலணிக் கடைகளில் இருக்கும் நீளமான ஒல்லிக் கை வைத்த மெஷின், சிங்கர் 29கே வகை, இதற்கென்றே உள்ளது. பாதம் எந்தத் திசையிலும் திரும்பும், ஷூவைத் திருப்ப முடியாத இடத்தில் பாதத்தைத் திருப்பிக்கொள்ளலாம், அந்த ஒல்லிக் கை பூட்ஸின் குழாய்க்குள் நுழையும். அப்படியும் ஜிப்பின் அடிமுனையில், சோலை ஒட்டிய கடைசி அங்குலத்துக்கு அது எட்டாது, அங்கே கையால் முடிப்பதுதான் ஒழுங்கு. எட்டவில்லை என்று அந்த இடத்தைத் தைக்காமல் பசையால் மட்டும் ஒட்டிவிடுவார்கள், பிரிவது அங்கிருந்துதான் தொடங்கும்.

எல்லாவற்றையும் விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஓட்டைகளைப் பற்றி. துணியில் ஊசி இழைகளுக்கு நடுவே புகுந்து வரும், பிரித்துவிட்டால் ஓட்டை மூடிக்கொள்ளும். தோலில் விழுந்த ஓட்டை விழுந்ததுதான். பழைய ஓட்டை வரிசைக்குப் பக்கத்தில் புது வரிசை போட்டால், இரண்டு முறைக்குள் அந்த ஓரம் தபால்தலையின் ஓரம் மாதிரி ஆகிவிடும், கிழிக்க வசதியாக. ஜிப்பை மாற்றும்போது பழைய ஓட்டையிலேயே ஊசியை இறக்க வேண்டும் என்றால் மெஷினை வேகமாக ஓட்ட முடியாது, சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு தையலாக இறக்க வேண்டும். நேரம் பிடிக்கும், கூலியும் கூடும், கொடுக்கலாம். அதே பூட்ஸுக்கு இன்னும் இரண்டு ஜிப் மாற்றலாம் என்றால் அந்தக் கூலி வீணில்லை. நெருக்கமான தையல்தான் உறுதி என்று நினைப்பதும் இங்கே எதிர்மாறாக வேலை செய்யும். தோலுக்குத் தையல் ஒவ்வொன்றும் சுமார் 3 மில்லிமீட்டர் இருக்கலாம், ரெக்சினுக்கு அதையும் விடக் கொஞ்சம் நீளமாகவே இருக்கட்டும்.

நூலில் நைலான், பாலியஸ்டர் இரண்டில் எது இருந்தாலும் பரவாயில்லை, பருத்தி மட்டும் வேண்டாம், ஈரத்தில் இற்றுவிடும். நைலான் கொஞ்சம் இழுபடும், மடிகிற இடத்துக்கு அது நல்லது. வெயிலில் கிடக்கும் பைகளுக்கும் செருப்புக்கும் பாலியஸ்டர் மேல், நைலான் வெயிலில் சீக்கிரம் பலமிழக்கும். தடிமனை டெக்ஸ் எண்ணில் சொல்வார்கள், ஆயிரம் மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதுதான் டெக்ஸ். மேல்தோலுக்கும் ஜிப்புக்கும் 70 போதும், பை வாருக்கு 135 நன்றாகத் தாங்கும். வீட்டில் சட்டைக்குப் பட்டன் தைக்கும் நூலால் ஷூவைத் தைத்துக் கொடுத்த இடமும் எனக்குத் தெரியும், இரண்டு நாள் வந்தது.

பையைப் பற்றிக் கொஞ்சம், அதுவும் இந்தக் கடைக்குத்தானே வருகிறது. தோள்பட்டை வார் வேரோடு பிய்ந்தால் ஒரு வரி நேர்த்தையல் போடுவதும் போடாததும் ஒன்றுதான், உள்ளே ஒரு துண்டுத் துணியோ தோலோ தாங்கலாக வைத்து, சதுரமாகத் தைத்து, நடுவில் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே ஓட்டச் சொல்லுங்கள். பையின் ஜிப் மாற்றுவதானால் உள்பக்கப் பைப்பிங்கை, அதாவது ஓரத்தை மூடித் தைத்த பட்டையை, பிரித்துத் தைக்க வேண்டும், பிரிக்காமல் மேலோடு வைத்துத் தைத்தால் உள்ளே வைக்கிற பொருள் தையலில் மாட்டி மாட்டி இழுக்கும்.

எதுவும் செய்ய வேண்டாம் என்று முடிவெடுக்கும் இடமும் உண்டு. ரெக்சினின் மேல்படலம் உரிந்து, கீழே துணி தெரியத் தொடங்கிவிட்டால் அதில் போடும் தையல் பிடிக்க ஒன்றுமில்லை, ஓட்டை நீண்டு நீண்டு கிழிந்துவிடும். பல வருடம் பெட்டியில் வைத்திருந்து எடுத்த ஷூவின் பியூ சோல் விரலால் அழுத்தினால் பொடியாக உதிர்கிறது என்றால் அது காற்றின் ஈரத்தால் உள்ளேயே சிதைந்துவிட்டது, அதை ஒட்டுவதிலும் தைப்பதிலும் அர்த்தமில்லை. மேல்தோல் நல்லதாக இருந்தால் சோலையே மாற்றலாம், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். இதை நேர்மையாக முகத்துக்கு நேரே சொல்லி வேலையைத் திருப்பிக் கொடுக்கிற கடைக்காரர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

வேலை முடிந்து வாங்கும்போது கையில் வைத்து ஜிப்பை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். அங்கேயே காலை நுழைத்து, மூடி, குதிகாலைத் தூக்கி முன்காலில் நாலு முறை ஊன்றிப் பாருங்கள், கணுக்கால் மடிப்பில் பல் பிரிகிறதா, ரன்னர் இறங்குகிறதா என்று. கையை உள்ளே விட்டு ஜிப்பின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், முடிச்சோ கருகிய நாடா முனையோ குத்தினால் அங்கேயே சொல்லிவிடலாம், தட்டிச் சமமாக்கிக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றைப் பல் வரிசையில் மேலிருந்து கீழ்வரை ஒரு தேய்ப்பு தேய்த்து, ரன்னரை நாலைந்து தடவை ஓட்டிவிடுங்கள். மெட்டல் பல்லுக்குப் பென்சில் முனையும் ஆகும்.